கத்திரி வெட்டிய சத்தம்

விளையாட்டரங்கத்தின் கிழக்குக் கேலரிக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. மேலே சனங்கள் உட்காரும் படிக்கட்டுகள்தான் அதற்குக் கூரை. வாசலில் நிமிர்ந்து நுழைகிறவர் உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். கடைசிச் சுவரை எட்டுவதற்குள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்தக் கடைசிச் சுவரோரம்தான் கத்திரியின் மேஜை. ஓய்வு பெற்ற விளையாட்டுக்காரர்களைத் தேடிப் போய், அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, பதிவு செய்து சேர்த்து வைப்பது அவர் வேலை. போட்டி நடக்கிற நாளில் தலைக்கு மேல் ஊரே குதிக்கும். அன்றைக்கு வேலை நடக்காது. மற்ற நாள்களில் நடக்கும். நடக்கத்தான் நடக்கும், ஓடாது.

'கத்திரி' என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஒரு பழைய கோல்கீப்பரை உட்கார வைத்துப் பேசச் சொன்னால், பேச்சோடு சேர்ந்து என்னென்னவோ வரும். இருமல் வரும். ஏப்பம் வரும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'வந்து… அதாவது… என்னன்னா' வரும். சமையலறையிலிருந்து "அது அந்த வருஷம் இல்லீங்க, அதுக்கு முந்தின வருஷம்" என்று வீட்டுக்காரி குரல் வரும். கத்திரி எல்லாவற்றையும் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டுவார். மூச்சு வாங்குகிற இடத்தைக்கூட விட மாட்டார். அவர் கையிலிருந்து வெளியே வரும்போது அந்தக் கோல்கீப்பர் மேடையேறிப் பரிசு வாங்குகிற பேச்சாளர் மாதிரி பேசுவார். "நம்ம கத்திரி கையில கொடுத்தா ஊமைகூட உரையாற்றுவான்" என்று மேலாளர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

அது பொழுதுபோகாமல் செய்த வேலை இல்லை. கத்திரியின் அப்பா மூட்டை தூக்குகிறவர். மகனைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தாவிடம் அவர், "இந்தா… வந்துங்க… நம்ம பையன் வந்துங்க…" என்று ஆரம்பித்தார். குமாஸ்தா பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்து, "வந்துங்க என்ன வந்துங்க?" என்று அதே ராகத்தில் கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மகன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் முதல் பட்டம் அவருடையது. அது சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வேலைக்கு வந்த பிறகு, தன் கைக்கு வருகிற எந்தக் கிழவனையும் கிழவியையும் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது அலுத்துவிட்டது. வேலை அலுத்தது என்று சொல்ல முடியாது. வேலைக்குப் பின்னால் ஓடுவது அலுத்துவிட்டது. ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஐயாவைப் பார்க்க வரலாமா?" என்று கேட்டால், எதிர்முனையில் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளியிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். மிச்சத்தையும் கேட்டு முடித்து, "சரிங்க, பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்துவார். உயிரோடு இருக்கிறவர்களோ, "எங்க காலத்துல காலுக்கு ஷூ ஏது தம்பி" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பாரோ. கேட்கும்போதெல்லாம் தன் பாதம் வலிக்கிற மாதிரி இருக்கும் அவருக்கு.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு பல் மட்டும் விழாமல் ஆடிக்கொண்டிருந்தது. நாலு பெண்கள் சேர்ந்து ஓடிய தொடரோட்டம். ஒருத்தி ஓடி வந்து கையிலிருக்கும் கட்டையை அடுத்தவளிடம் கொடுக்க, அவள் ஓடி அடுத்தவளிடம் கொடுக்க, நாலாவது ஆள் கோட்டைத் தொட வேண்டும். அந்த நாலு பேரும் அவர்கள் காலத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு தங்கத்தைக் கொண்டுவந்தவர்கள். முதல் ஆளும் கடைசி ஆளும் பதிவாகிவிட்டார்கள். உயரமாக இருந்ததால் 'நெட்டை' என்று பெயரெடுத்த இரண்டாம் ஆள் போன வருஷம் பதிவாகி, அடுத்த சில மாதங்களில் போயும் சேர்ந்துவிட்டார். மூன்றாம் ஆள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. தடத்தின் வளைவில் ஓடுகிறவர் என்பதால் அவருக்கு 'வளைவு' என்று பெயர், இளையவர்களுக்கு வளைவக்கா.

"என்னத்தைச் சொல்றது சார்? ஓடினோம், வந்தோம்" என்று ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிடுவார்.

மேலாளர் கத்திரியைக் கூப்பிட்டு, "இந்த ரூமை டிக்கெட் கவுன்ட்டர் ஆக்கப் போறாங்க. அதுக்குள்ள அந்தம்மாவை முடிச்சிடுங்க. நாலு பேர் ஓட்டத்துல மூணு பேரை வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கறது? கட்டை அந்தரத்துல நிக்கும்யா" என்றார்.

அந்த வாரமே வளைவக்காவே போனில் கூப்பிட்டார்.

"சார், நான் பேசறேன். ஆனா ஒண்ணு. முதல்ல நெட்டை கத்தினதை நான் கேக்கணும்."

"கத்தினதுன்னா…?"

"உங்ககிட்டக் கத்திக் காட்டினாளாமே. போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. 'அந்த மனுஷன் நாற்காலியிலேருந்து விழப் பார்த்தான்டி'ன்னா. அது உங்ககிட்ட இருக்குல்ல?"

"பார்க்கறேம்மா" என்றார் கத்திரி.

"பாருங்க. அவ பின்னாடியிருந்து கத்துவா சார், 'கை'ன்னு. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா வேகம் போயிடும். அந்தச் சத்தம் கேட்டா கை தானா பின்னாடி போகும். ஓடறதை விட்டு எவ்வளவோ காலமாகியும், அவ இருந்தவரைக்கும் ரோட்டுல எவளாவது கத்தினாக்கூடக் கை துடிக்கும். இப்போ அவ போனதுக்கப்புறம் நினைச்சு நினைச்சுப் பார்க்கறேன், வர மாட்டேங்குது. 'கை'ன்னு மனசுக்குள்ள சொன்னா என் குரல்தான் கேக்குது. தேய்ஞ்சுபோச்சு சார். ஒரு தடவை கேட்டுட்டேன்னா போதும். அப்புறம் நீங்க என்ன கேட்டாலும் சொல்றேன்."

வளைவக்கா போனை வைத்துவிட்டார். கத்திரி குனிந்த கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குத் தெரியும். நெட்டையக்காவின் வீட்டில் அன்றைக்குக் குளிர்பதனப் பெட்டியின் முனகல் பதிவில் விழுகிறது என்று அதன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கிளம்பும்போது திரும்பவும் மாட்ட மறந்துவிடக் கூடாதே என்று தன் வண்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். நெட்டையக்கா, "இது என்ன தம்பி, சாவியை ஊறுகாய்க்குப் பக்கத்துல வைக்கறீங்க?" என்று அதற்கே சிரிசிரி என்று சிரித்தார். பாதிப் பேச்சில், "எப்பிடிக் கத்துவேன்னு காட்டட்டுமா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கத்திரியின் காதுக் கருவிக்குள் இடி விழுந்தது. ஒலியின் அளவைக் காட்டும் முள் சிவப்பில் போய் முட்டி அங்கேயே நின்றது. அவர் இரண்டு கையாலும் கருவியைப் பிடுங்கி எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் காதுக்குள் வண்டு பறந்தது.

"அக்கா, கொஞ்சம் மெதுவாக் கத்த முடியுமா?" என்று கேட்டார்.

"மெதுவாக் கத்தறதா? அது எந்த ஊர்ப் பழக்கம் தம்பி?"

அவ்வளவுதான். சத்தம் பிளந்துபோய்விட்டது, கரகர என்று இருக்கிறது, கேட்கிறவன் இதைக் கேட்டுச் சிரிப்பான் என்று அலுவலகத்தில் வந்து வெட்டிவிட்டார். வெட்டி முடித்த பதிவைக் காப்பகத்தில் சேர்த்த பிறகு, அசல் பதிவு இருந்த நினைவக அட்டையை அழித்து அடுத்த ஆளுக்கு எடுத்துப் போவதுதான் அந்த அறையின் வழக்கம். அந்த அட்டையில் இப்போது ஒரு பழைய குத்துச்சண்டைக்காரர், காலுக்கு ஷூ ஏது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது, வீட்டுக்காரி முன் அறையில் தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். மீதிப் பேருக்கு அவள் குரல் மட்டும் பழக்கம். மூன்றாம் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட அவள் செருப்புப் போட்டதில்லை. கத்திரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, புதுசாப் பொண்ணு பார்க்க வந்த மாதிரி நிக்கறீங்க?"

"மாடிக்கு வாயேன். ஒரு வேலை."

"துணி காயுது, அதை எடுக்கறதா இருந்தா நீங்களே எடுக்கலாம். கை இருக்குல்ல?"

"அதேதான். 'கை'ன்னு கத்தணும். ஒரே ஒரு தடவை."

கொடியில் ஈரத் துணிகளுக்கு நடுவில் நிறுத்தி, கையடக்கப் பதிவுக் கருவியை நீட்டினார். அவள் ஒரு தடவை சந்தேகமாகக் கத்தினாள். "இன்னும்" என்றார். அடுத்த தடவை எதிர் மாடியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர் புத்தகத்தைத் தவறவிட்டார். கீழே யாரோ, "அண்ணி, என்னாச்சு?" என்றார்கள். "ஒண்ணுமில்லை, உங்க அண்ணனுக்கு முத்திப்போச்சு!" என்று அதே மூச்சில் பதில் போட்டுவிட்டு, "இப்போ சொல்லுங்க. இது எதுக்கு?" என்றாள்.

சொன்னார். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"செத்துப்போனவங்களுக்கு நான் டப்பிங் பேசறேனா?"

"அப்பிடி இல்லை…"

"வேற எப்பிடி? அந்தம்மா என்ன, சினிமா பார்க்கவா கூப்பிட்டாங்க? அழிச்சிடுங்க."

"சரி."

"சரின்னா அழிக்கணும். உங்க 'சரி' எனக்குத் தெரியும்."

அவர் அழிக்கவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் அது கூடுதல் மரியாதை. அவருக்கு யோசிக்கவே தெம்பில்லை. ஒரு கிழவி ஒரு சத்தம் கேட்கிறாள்; கொடுத்தால் பேசுவாள்; பேசினால் முடிந்தது. அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு எங்காவது சத்தமே இல்லாத இடத்தில் போய்ப் படுக்கலாம்.

வளைவக்கா ஒரு அடுக்கு வீட்டின் முதல் மாடியில் மகன், மருமகளோடு இருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, நரைத்த கிராப்பு, வலது முட்டியில் துணிப் பட்டை. கத்திரி சுவர்க் கடிகாரத்தை இறக்கித் துணியில் சுற்றி அடுத்த அறையில் வைக்கப் போனபோது, "அதைப் படுக்க வச்சா நின்னுடும் சார், நிக்க வைங்க. என்னை மாதிரி அது, படுத்தா எழுந்திருக்காது" என்றார்.

கேள்விகளுக்கு முன்னால், போனில் ஒப்புக்கொண்டபடி, நெட்டையக்காவின் பதிவைக் காதுக் கருவியில் போட்டுக் கொடுத்தார் கத்திரி. வளைவக்கா இரண்டு கையாலும் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். முதலில் ஆவலாகக் கேட்டார். பிறகு புருவம் சுருங்கியது. பிறகு, பழகின வீட்டுக் கதவைத் தட்டி, வேறு யாரோ திறந்த மாதிரி விழித்தார்.

"இது அவ இல்லையே."

"அவங்கதாம்மா. நானே போய் எடுத்தது."

"குரல் அவளோடதுதான். ஆனா அவ இப்பிடிப் பேச மாட்டா சார். 'ப்ச்'ன்னு நாக்கைச் சப்புக் கொட்டாம அவ வாயைத் திறந்ததே இல்லை. பாதியில நிறுத்திட்டு மூக்கை உறிஞ்சுவா. சொன்னதையே திருப்பிச் சொல்வா, நம்மளைக் கொல்லுவா. இது என்னமோ செய்தி வாசிக்கற மாதிரி இருக்கே? உடம்பு சரியில்லாதப்போ எடுத்தீங்களா?"

அந்தப் பதிவுக்காகத்தான் மேலாளர் கத்திரியைக் கை குலுக்கிப் பாராட்டியிருந்தார்.

"சரி, அதை விடுங்க. அந்தச் சத்தத்தைப் போடுங்க."

"அது… தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்று கையடக்கக் கருவியை மாட்டினார்.

வளைவக்கா கண்ணை மூடிக்கொண்டார். வலது கையை மடியில் மல்லாக்க விரித்து வைத்துக்கொண்டார். அப்போதுதான் கத்திரிக்குப் புரிந்தது, அந்தம்மா காதால் கேட்கப் போவதில்லை, கையால் கேட்கப் போகிறார் என்று. நிறுத்திவிடலாமா என்று நினைத்தார். நினைப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

கை அசையவில்லை. செத்த மீன் மாதிரி மடியிலேயே கிடந்தது.

வளைவக்கா கண்ணைத் திறந்து முதலில் தன் கையைத்தான் பார்த்தார். பிறகு கருவியைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"யாரு சார் இந்தப் பொம்பளை?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "என் வீட்டுக்காரி."

"நல்ல தொண்டை. நின்ன இடத்துலேருந்து கத்தறா. வீட்டுல ஏதோ அவசர வேலையைப் போட்டுட்டு வந்து கத்தின மாதிரி இருக்கு." குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "கிளம்புங்க சார். வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்."

கத்திரி கம்பிகளைச் சுருட்டினார். ஒலிவாங்கியை உறையில் போட்டார். வாசலில் செருப்பில் காலை நுழைத்த பிறகு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"நான் வெட்டிட்டேம்மா. அவங்க கத்தினது ரொம்பப் பிளந்து கேட்டுச்சு. நல்லா இல்லைன்னு வெட்டிட்டேன். சப்புக் கொட்டினது, மூக்கை உறிஞ்சினது எல்லாத்தையும் வெட்டினது நான்தான். அவங்களைப் பார்த்து யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு…"

வளைவக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டி எங்க போட்டீங்க?"

"எங்கயும் போடலைம்மா. அதுல வெட்டினா அவ்வளவுதான். குப்பைக்குக்கூடப் போகாது."

"அப்போ அதைக் கடைசியாக் கேட்ட ஆள் நீங்கதான்."

"ஆமா."

"உள்ள வாங்க. உக்காருங்க." எதிர் நாற்காலியைக் காட்டினார். "எப்பிடி இருந்துச்சு? சொல்லுங்க."

கத்திரி உட்கார்ந்தார். பேசச் சொல்கிற நாற்காலியில் அவர் உட்கார்ந்தே பழக்கமில்லை. "ரொம்பச் சத்தமா இருந்துச்சு."

"லாரி ஹாரன்கூடச் சத்தமாத்தான் இருக்கு. முதல்ல என்ன கேட்டுச்சு?"

தான் எல்லோரிடமும் போடுகிற தூண்டிலைத் தன்னிடமே போடுகிறார் என்று கத்திரிக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ குரல் அந்தக் காதுக்குள் போயிருக்கிறது. உனக்கு என்ன கேட்டது என்று ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை.

"முதல்ல நாற்காலி முனகுச்சு" என்றார் மெதுவாக. "முன்னாடி சாய்ஞ்சாங்க. அப்புறம் மூக்கால ஒரு மூச்சு. சின்னதா. அப்புறம் 'க' கேக்கவே இல்லைம்மா. எடுத்ததுமே 'ஐ'தான். கீழேருந்து ஏறி… இல்லை, ஏறலை. அகலமா விரிஞ்சுது. கதவைத் தள்ளித் திறக்கற மாதிரி. கடைசியில உடைஞ்சுது."

"உடைஞ்சுதா?"

"ரெண்டாப் பிளந்துச்சு. அதுக்காகத்தான் வெட்டினேன்."

வளைவக்காவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. "உடையும். ஆமா, உடையும். அதை மறந்தே போயிட்டேன் பாருங்க." எழுந்தே விட்டார். "எங்க, கத்திக் காட்டுங்க."

"நானா?"

"வேற யாரு கேட்டிருக்கா? நானா போன வருஷம் கேட்டேன்?"

கத்திரி தொண்டையைச் சரி செய்துகொண்டு, நாற்காலியிலிருந்தே, "கை" என்றார்.

"ஐயோ, கடையில காய் கேக்கறீங்களா?" வளைவக்கா தலையில் அடித்துக்கொண்டார். "உக்கார்ந்து கத்தினா வராது. வாங்க கீழே."

"அம்மா, எனக்கு…"

"எனக்கு முட்டி. உங்களுக்குத் தொப்பை. வாங்க."

கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையில் வண்டிகள் நிற்கும் நீளமான சந்து. வளைவக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கத்திரியை மறுகோடியில் வாசல் கேட்டருகே நிறுத்தி, கையில் கட்டைக்குப் பதிலாக ஒரு மடக்குக் குடையைக் கொடுத்திருந்தார்.

"நான் கையை நீட்ட மாட்டேன். அதா வரணும். நான் யோசிச்சு நீட்டினா அது அவ சத்தம் இல்லை. புரியுதா? ஓடி வாங்க!"

கத்திரி கடைசியாக எப்போது ஓடினார் என்று அவருக்கே தெரியாது. பேருந்துக்குக்கூட அடுத்தது வரட்டும் என்று நின்றுவிடுகிற ஆள். சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார். பாதியிலேயே, "கை!" என்றார்.

"முன்னாடியே கத்தறீங்க!" திரும்பாமலே வந்தது பதில். "மூச்சு மிச்சமிருக்கும்போது கத்தக் கூடாது. தீரப் போகுதுன்னு ஆகணும். அப்போ கத்தணும்."

இரண்டாம் தடவை மூச்சு சுத்தமாகத் தீர்ந்தே போய், வளைவக்காவின் பக்கத்தில் வந்து நின்றபோது வாயிலிருந்து வெறும் காற்று வந்தது. மேலே ஜன்னல் திறந்தது.

"அத்தை! முட்டி! டாக்டர் என்ன சொன்னாரு?" மருமகள்.

"நான் ஓடலைடி! சார்தான் ஓடறாரு!"

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை! நீ உள்ள போ!"

கத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. போதும் என்று சொல்லிவிட வாயைத் திறந்தார். ஆனால் அந்த அம்மா திரும்பவில்லை. நரைத்த பிடரியும், தொங்கவிட்ட வலது கையும், கொஞ்சம் முன்னால் சாய்ந்த தோளுமாக, வளைவின் வாயில் நிற்கிற மாதிரியே நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ வருகிறார்கள் என்று நம்பி நிற்கிற ஒரு முதுகிடம் என்ன சொல்வது? கண்ணாடியை எடுத்து ஒரு வண்டியின் இருக்கைமேல் வைத்துவிட்டுத் திரும்பவும் கேட்டுக்கு நடந்தார்.

மூன்றாம் தடவை ஓடும்போது நெட்டையக்காவை நினைக்கவில்லை. எதையும் நினைக்க அவருக்கு இடமில்லை. கால் கனத்தது. விலாவில் ஊசி குத்தியது. தண்ணீர்த் தொட்டி வேகமாக எதிரில் நெருங்கி வந்தது. நிறுத்தினால் விழுந்துவிடுவோம், நிறுத்தாவிட்டால் மோதிவிடுவோம் என்று இருந்தது. கையிலிருக்கிற இந்தச் சனியனை யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று இருந்தது. அப்போது அவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் 'க' இல்லை. அகலமாக விரிந்து, முடிகிற இடத்தில் பிளந்தது.

வளைவக்காவின் வலது தோள் பின்னால் இழுத்தது. சுண்டிவிட்ட மாதிரி ஒரு இழுப்பு. கை வரவில்லை. குடை முழங்கையில் இடித்துக் கீழே விழுந்தது. கத்திரி தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒருவருக்கு மூச்சில்லை, இன்னொருவர் இன்னும் திரும்பவில்லை.

"தோள் வரைக்கும் வந்துச்சு" என்றார் வளைவக்கா கடைசியில், சுவரைப் பார்த்தபடியே.

"இன்னொரு… தடவை… வேணும்னா…"

"வேண்டாம் தம்பி. விழுந்து வச்சீங்கன்னா உங்க வீட்டுக்காரிக்கு யார் பதில் சொல்றது? அந்தத் தொண்டையை நான் கேட்டிருக்கேன்." திரும்பி, இடது கையால் வலது தோளைத் தடவிக்கொண்டார். கண் ஈரமாக இருந்தது; அதை மறைக்க மெனக்கெடவில்லை. "கை வராது இனிமே. தோளுக்காவது தெரிஞ்சிருக்கே. அது போதும். வாங்க, மேல போய் உங்க மெஷினைப் போடுங்க. சொன்னா சொன்னதுதான்."

படியேறுவது ஓடியதை விடப் பெரிய வேலையாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் முட்டியும் இன்னொருவர் நெஞ்சும் நின்று நின்று ஏறின. மருமகள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

கத்திரி ஒலிவாங்கியை மேஜையில் பொருத்தினார். காதுக் கருவியை மாட்டினார். உள்ளே முதலில் கேட்டது அவருடைய மூச்சுதான். தையல் இயந்திரம் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. இப்படி ஓர் இரைச்சலோடு அவர் எந்தப் பதிவையும் தொடங்கியதில்லை. அடங்கட்டும் என்று கையைத் தூக்கிக் காட்டப் போனார்.

அதற்குள் வளைவக்கா ஆரம்பித்துவிட்டார்: "நெட்டைக்கு அன்னைக்குக் காலையிலேருந்தே தொண்டை கட்டியிருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லாதடின்னா. இப்போ சொல்றேன், கேட்டுக்குங்க."

கத்திரி தூக்கிய கையை இறக்கி, முள்ளைப் பார்த்தார். அது தன் மூச்சுக்கும் வளைவக்காவின் சொல்லுக்கும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் பதிவை நிறுத்தவில்லை.